64 பிட் சிப்பு, 32 பிட் பயாஸ்: பழைய ஆட்டம் லேப்டாப்ல லினக்ஸ் ஏறுமா?

20-10-2025, வாசகர் கேள்வி

அண்ணே, பழைய பத்து இன்ச் டூ-இன்-ஒன் ஒன்னு வீட்ல கிடக்கு. இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப், 2 ஜிபி ராம், 32 ஜிபி ஸ்டோரேஜ். விண்டோஸ் 10 சப்போர்ட் இந்த மாசம் 14ஆம் தேதியோட முடிஞ்சிருச்சு, சரி லினக்ஸ் போடுவோம்னு பென்டிரைவ் ரெடி பண்ணி சொருகினா பூட் மெனுல பென்டிரைவ் பேரே வரல. அதே பென்டிரைவ் இன்னொரு லேப்டாப்ல ஜம்முனு ஓடுது. சிப்பு 64 பிட்னு இன்டெல் சைட்லயே போட்டிருக்கான். பேசாம காயலான் கடைல போட்டுறலாமா?

20-10-2025, இரவு

போட்றாதீங்க. இதே சிப்பு உள்ள ஒன்னு என்கிட்டயும் இருக்கு, மச்சான் அவர் பொண்ணு படிப்புக்குன்னு 2016ல வாங்குனது, பொண்ணு காலேஜ் போனதும் மெஷின் பீரோ மேல ஏறிருச்சு, இப்ப நம்ம ஜெராக்ஸ் கடைல கல்லாப்பெட்டி பக்கத்துல உக்காந்து பிடிஎஃப் பிரிண்ட் குடுத்துக்கிட்டு இருக்கு. கம்பெனி பேரு எதுக்கு, அந்த நேரத்துல ஏகப்பட்ட பேரு கிட்டத்தட்ட ஒரே போர்டை வாங்கி மேல ஸ்டிக்கர் மட்டும் மாத்தி வித்தாங்க.

விஷயம் இதுதான். சிப்பு 64 பிட், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பவர் பட்டன அமுக்குனதும் முதல்ல எந்திரிக்கிற யூஇஎஃப்ஐ (பயாஸோட புது அவதாரம்) இருக்கு பாருங்க, அது 32 பிட். அது பென்டிரைவுக்குள்ள இஎஃப்ஐ, அதுக்குள்ள பூட்னு ஒரு ஃபோல்டர்ல போய் பூட்-ஐஏ32ங்கிற ஃபைலத் தேடும். நீங்க பென்டிரைவ்ல எழுதுன லினக்ஸ் ஃபைல் (ஐஎஸ்ஓ) இருக்கே, அதுல பூட்-எக்ஸ்64 மட்டும்தான் இருந்திருக்கும். தேடுறது இல்லேன்னா பென்டிரைவே இல்லேன்னு முடிவு பண்ணிரும். எரர் கூட சொல்லாது, அதான் கொடுமை.

21-10-2025

ஏன் இப்படி பண்ணி வச்சான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். 2013, 14ல இந்த பே டிரெயில் சிப்புங்க வந்தப்போ ஸ்டோரேஜ் 16, 32 ஜிபி, ராம் 1, 2 ஜிபி. 32 பிட் விண்டோஸ்னா இடம் கம்மியா புடிக்கும். ஃபோன் மாதிரி தூங்கிக்கிட்டே மெயில் வாங்குற கனெக்டட் ஸ்டான்ட்பை வேற அப்ப 64 பிட் விண்டோஸுக்கு ரெடியாகல. 2014ல மைக்ரோசாஃப்ட் 'விண்டோஸ் 8.1 வித் பிங்'னு சல்லிசா ஒரு பதிப்பு விட்டான், சின்ன கம்பெனி எல்லாம் அதை அள்ளிப் போட்டு வித்துட்டாங்க. ஃபர்ம்வேரும் (சாதனத்தை ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேர், யூஇஎஃப்ஐயும் அதுல ஒரு வகை) அதுக்கு ஏத்த மாதிரி 32.

விண்டோஸ் பக்கம் இதுக்கு வழியே கிடையாது. 32 பிட் யூஇஎஃப்ஐல இருந்து 64 பிட் விண்டோஸ் பூட் ஆகாது, விண்டோஸ் 11ல 32 பிட் பதிப்பே இல்ல. டிபிஎம், செக்யூர் பூட் செக்கை எல்லாம் தாண்டி ஏத்துற வித்தை யூடியூப்ல நிறைய இருக்கு, இந்த மெஷினுக்கு அதுல ஒன்னும் உதவாது, பேச்சு அங்க வரைக்கும் போகவே போகாது.

லினக்ஸ்ல 2014லயே, கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) 3.15ல மிக்ஸ்டு மோட்னு ஒன்னு சேத்துட்டாங்க. 32 பிட் ஃபர்ம்வேர் மேல 64 பிட் கர்னல் ஓடும். டெபியன் 8லயே (2015) இன்ஸ்டாலர் இதை புரிஞ்சுகிச்சு, ஃபெடோரா 27ல (2017) வந்துச்சு. மத்த டிஸ்ட்ரோவுக்கு (டெபியன், ஃபெடோரா மாதிரி லினக்ஸ் வகைகளுக்கு) ஐஎஸ்ஓவத் திறந்து அந்த ஐஏ32 ஃபைல் இருக்கான்னு கண்ணால பாத்துட்டு எழுதுங்க. பேரை நம்பாதீங்க.

21-10-2025, கொஞ்ச நேரம் கழிச்சு

முக்கியமானத விட்டுட்டேன். விண்டோஸ அழிக்கிறதுக்கு முன்னாடி சிஸ்டம்32க்குள்ள டிரைவர்ஸ் ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவ்ல காப்பி பண்ணி வைங்க. காரணம் பின்னாடி சொல்றேன். இப்ப பண்ணுங்க.

23-10-2025

32 பிட் டிஸ்ட்ரோவே போட்டுட்டா தொல்லை இல்லையேன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. 2 ஜிபி ராமுக்கு அதுதான் சரின்னு நானும் நெனச்சுக்கிட்டுதான் இருந்தேன், ராம் கொஞ்சம் மிச்சமாகும், உண்மை. ஆனா காலம் அந்தப் பக்கம் இல்ல. ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13ல 32 பிட் இன்ஸ்டாலரும் இல்ல கர்னலும் இல்ல. ஃபயர்ஃபாக்ஸும் 144ஆவது பதிப்போட 32 பிட் லினக்ஸுக்கு டாட்டா காட்டிருச்சு. பிரவுசர் அப்டேட் இல்லாத மெஷின்ல பேங்க் வேலை பாக்க முடியுமா. 64 பிட் கர்னல், 64 பிட் சாஃப்ட்வேர், பூட்லோடர் மட்டும் 32. இதான் சரியான கூட்டணி.

26-10-2025

கேட்டவர் பென்டிரைவ் பூட் ஆயிருச்சுன்னு போட்டோ போட்டிருக்கார். ஸ்கிரீன் தொண்ணூறு டிகிரி சாஞ்சு கிடக்கு, பேனல் போச்சான்னு கேக்குறார்.

போகல பாஸ். அது டேப்லட்டுக்குன்னு செஞ்ச பேனல், பிறவியிலயே நெட்டுக்குத்தல். அதைப் படுக்க வச்சு மாட்டிட்டு விண்டோஸ்ல மட்டும் சாஃப்ட்வேரால திருப்பி விட்டிருப்பாங்க. கர்னலுக்குள்ள எந்த மாடல் பேனல் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு ஒரு பட்டியலே இருக்கு, ரெட் ஹேட் கம்பெனில வேலை பாத்துக்கிட்டு பே டிரெயிலுக்காகவே வருஷக்கணக்கா உழைச்ச ஹான்ஸ் டி கூடே (Hans de Goede)ங்கிறவர் 2017ல கொண்டு வந்தது. உங்க மாடல் அதுல இல்ல போல. இன்ஸ்டால் முடியுற வரைக்கும் நீங்கதான் சாயணும். நான் தலையணை வச்சு படுத்துக்கிட்டே பண்ணேன், டச்பேட்ல கையை மேல தள்ளுனா அம்புக்குறி பக்கவாட்டுல போகும், கொஞ்ச நேரத்துல மூளை பழகிரும், அப்புறம் நிமிர்ந்து உக்காந்தா நம்ம வீட்டு சுவரே கோணலா தெரியும்.

யூஎஸ்பி போர்ட் ஒன்னே ஒன்னுதான? ஒரு ஹப் வாங்குங்க. பென்டிரைவ், மவுஸ், அப்புறம் ஃபோன். ஃபோன் எதுக்குன்னா வைஃபை இன்ஸ்டாலர்ல வராம போகலாம், ஃபோனை யூஎஸ்பி டெதரிங்ல போட்டா இன்டர்நெட் சொல்லாமலே வந்துரும். பயாஸ்ல செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிருங்க, டிஸ்க் பட்டியல்ல பூட்0, பூட்1னு ரெண்டு குட்டி டிஸ்க் தெரிஞ்சா கை வைக்காதீங்க, அது ஈஎம்எம்சி (போர்டுல இருக்கற ஸ்டோரேஜ்) சிப்போட சொந்த சொத்து.

27-10-2025

டெபியன் இன்ஸ்டாலர் கடைசில ஒரு கேள்வி கேக்கலாம்: கிரப்பை (லினக்ஸைக் கிளப்பி விடுற பூட்லோடர்) ரிமூவபிள் மீடியா பாதைலயும் போடவான்னு. கேட்டா ஆமான்னு சொல்லுங்க. இந்த ஃபர்ம்வேர்ல பல மெஷின் புதுசா எழுதுன பூட் என்ட்ரிய மதிக்கவே மதிக்காது, பழைய விண்டோஸ் பாதை, இல்லாட்டி அந்த பொதுவான ஐஏ32 ஃபைல், இந்த ரெண்டு வாசலைத்தான் தட்டும். இல்லைன்னு சொல்லிட்டு ரீஸ்டார்ட் பண்ணா நேரா பயாஸ் ஸ்கிரீன்ல போய் நிக்கும், எல்லாம் போச்சுன்னு திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிப்பீங்க.

30-10-2025

வைஃபை. இந்த சிப்புக்காரங்க பாதிப் பேர்கிட்ட இருக்கறது ரியல்டெக் 8723பிஎஸ். பிசிஐயும் இல்ல யூஎஸ்பியும் இல்ல, எஸ்டிஐஓ, அதாவது மெமரி கார்டு போற லைன்ல வைஃபைய சொருகியிருக்கான். அதனால வழக்கமா எல்லாரும் குடுக்கச் சொல்ற எல்எஸ்பிசிஐ கமாண்ட் போட்டா அதுல வைஃபையே தெரியாது, "மெஷின்ல வைஃபையே இல்ல"ன்னு ஒருத்தர் அடிச்சு சொல்லிட்டுப் போவார். டிரைவர் 2017ல கர்னல் 4.12லயே ஸ்டேஜிங் பகுதில சேந்துருச்சு. ஸ்டேஜிங்னா உள்ள வந்திருக்கு ஆனா பாய் போட்டு உக்கார வைக்கலன்னு அர்த்தம். ரியல்டெக் ஃபர்ம்வேர் பேக்கேஜ போட்டுட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

வேகம் எதிர்பாக்காதீங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், ஆன்டெனா பேருக்கு ஒரு துண்டு கம்பி. கடைல ரவுட்டர் தலைக்கு மேலயே இருக்கறதால எனக்கு ஓடுது.

2-11-2025

சவுண்டு வரல, எச்டிஎம்ஐன்னு மட்டும் காட்டுதுன்னு மூணாவதா ஒருத்தர் வந்திருக்கார். வாங்க, எல்லாரும் ஒரே போர்டு.

இன்டெல் இதுல வழக்கமான எச்டிஏ ஆடியோ வைக்கல. சிப்புக்குள்ள சத்தத்துக்குன்னு தனியா ஒரு டிஎஸ்பி பகுதி, அதுக்கு எஃப்டபிள்யூ-எஸ்எஸ்டி-0எஃப்28னு ஒரு ஃபர்ம்வேர், வெளில ரியல்டெக் 5640 மாதிரி ஒரு கோடெக் (ஆடியோ சிப்பு), இது ரெண்டையும் எந்த ஒயர் எதோட சேருதுன்னு சொல்லிக் கோக்குறதுக்கு யூசிஎம்னு ஒரு செட்டிங் ஃபைல். மூணுல ஒன்னு இல்லைன்னாலும் ஊமை. டெபியன்ல இன்டெல் சவுண்டு ஃபர்ம்வேர் பேக்கேஜும் அல்சா யூசிஎம் பேக்கேஜும் போட்டா முக்கால்வாசி சரியாகும்.

மிச்ச கால்வாசி என் மெஷின்ல நடந்தது. உள்ள ஒரே ஒரு ஸ்பீக்கர், ஆனா கர்னல் ரெண்டு இருக்குன்னு நெனச்சு இடது பக்க சத்தத்தை மட்டும் அனுப்புது. பழைய ஸ்டீரியோ பாட்டு போட்டேன், வயலின் கேக்குது தபேலா கேக்குது, பாடுறவர் எங்கயோ கிணத்துக்குள்ள நிக்கிறார். ஒரே ஸ்பீக்கர்தான் (மோனோ)னு சொல்ற குவர்க் ஆப்ஷனை சவுண்டு டிரைவருக்குக் குடுத்ததும் ஆளு மேல ஏறி வந்துட்டார். ஹெட்போன் மாட்டுனா முதல்லயே எல்லாம் சரியா கேக்கும், அதை வச்சே கண்டுபிடிச்சுக்கலாம்.

8-11-2025

இப்ப பெரிய தலைவலி. கேட்டவர் சொல்றார், எல்லாம் ஓடுது, ஆனா திடீர்னு உறைஞ்சு போகுது, மவுஸ் நகரல, கேப்ஸ் லாக் லைட் கூட மாறல, பாட்டு ஓடிக்கிட்டு இருந்தா கடைசி துண்டு மட்டும் ட்ட்ட்ட்டுன்னு இழுத்துக்கிட்டே இருக்கு, பவர் பட்டன புடிச்சு அமுக்கித்தான் அணைக்க வேண்டியிருக்கு.

ராம் போச்சு, ஹீட்டு, அடாப்டர் மாத்துங்க, அது இதுன்னு கீழ ஆளாளுக்கு வைத்தியம் சொல்லியிருக்கீங்க. இது ஊரறிஞ்ச வியாதிங்க. கர்னல் பிழைகளைப் பதியுற பக்ஸில்லா தளத்துல 109051ங்கிற நம்பர் பக், 2015ல திறந்தது. தலைப்பே மேக்ஸ் சி-ஸ்டேட்டை 1னு வச்சாத்தான் பே டிரெயில் க்ராஷ் ஆகாம இருக்குங்கிற அர்த்தத்துலதான் இருக்கும். சிப்பு சும்மா இருக்கும்போது சி1, சி6, சி7னு ஆழமா ஆழமா தூங்கப் போகும், அந்தத் தூக்க நிலைங்கதான் சி-ஸ்டேட். ஆழ்ந்த தூக்கத்துல இருந்து சில நேரம் எந்திரிக்க மாட்டேங்குது. இன்டெல்லே வெளியிட்ட பிழைப் பட்டியல்ல விஎல்பி52னு ஒன்னு இருக்கு, இன்டரப்ட் வேலை பாதில இருக்கும்போது கோர் சி6க்குப் போனா "வேலை முடிஞ்சது"ங்கிற செய்தி போய்ச் சேராம போகலாம்னு. மேல சொன்ன பக் இழைல ஆளுங்க இதையும் புடிச்சு இழுத்து வருஷக்கணக்கா மல்லுக்கட்டியிருக்காங்க.

இப்போதைக்கு கிரப்ல கர்னல் வரில இன்டெல் ஐடிலோட மேக்ஸ் சி-ஸ்டேட் = 1னு சேருங்க. உறையாது. பேட்டரி மட்டும் கண்ணு முன்னாடி இறங்கும்.

9-11-2025

"இன்டெல் பண்ண தப்புக்கு நான் ஏன் கரண்ட் பில் கட்டணும்" – நல்ல கேள்வி, என்கிட்ட பதில் இல்ல.

17-11-2025

8ஆம் தேதி எழுதுனதுக்கு ஒரு சேர்க்கை. அந்த ஆப்ஷன நான் பழைய கர்னல் காலத்துல போட்டு அப்படியே மறந்துட்டேன். இங்க பேசவும் ஞாபகம் வந்து, 6.12 கர்னல்ல அதை எடுத்துட்டு கடைல ஓட விட்டேன், இதுவரைக்கும் ஒரு தடவை கூட உறையல. எல்லா உறைதலும் சி-ஸ்டேட்டால இல்ல போல. பேட்டரிய கவனிக்கிற ஏஎக்ஸ்பி288 சிப்போட பேசுற ஐ2சிங்கிற லைன கர்னலும் சிப்புக்குள்ள பவர் பாத்துக்கிற பி-யூனிட்டும் ஒரே நேரத்துல புடிச்சு இழுத்துக்கிட்டதும் ஒரு காரணம், அந்த சண்டைய தீக்கிற வேலைலயும் ஹான்ஸ் பேருதான் கண்ல படுது. ஆக, முதல்ல புது கர்னலுக்கு வாங்க. அதுலயும் உறைஞ்சா மட்டும் அந்த ஆப்ஷன்.

வடகிழக்கு மழை நேரம், எங்க ஏரியால மதியத்துல கரண்ட் போறதும் வர்றதுமா இருக்கு. ஆப்ஷன எடுத்ததுக்கு அப்புறம் கரண்ட் வர்ற வரைக்கும் பேட்டரி தாங்குது, வித்தியாசம் நல்லாவே தெரியுது.

ஆனா மூடிய மூடி வச்சுட்டுப் போனா காலைல செத்துக் கிடக்கும். விண்டோஸ்ல தூங்குன மாதிரி இதுல ஆழமா தூங்கல. நான் ராத்திரி ஷட்டவுன் பண்ணிட்டுப் போயிடுறேன்.

25-11-2025

டச். அந்த டிரைவர்ஸ் ஃபோல்டரை காப்பி பண்ணச் சொன்னேனே, இதுக்குத்தான்.

சிலீட் கம்பெனி டச் சிப்புக்குள்ள ஃபர்ம்வேர் நிரந்தரமா இருக்காது, ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் டிரைவர்தான் ஊட்டி விடணும். அந்த ஃபர்ம்வேரும் பொதுவானது இல்ல, கண்ணாடி சைஸ், ஒயர் போற திசை எல்லாத்தையும் வச்சு மாடலுக்கு மாடல் மாறும். அது உங்க விண்டோஸ் டிரைவர் ஃபைலுக்குள்ள புதைஞ்சு கிடக்கு, தோண்டி எடுக்க ஸ்கிரிப்ட் இருக்கு. வேற மாடலோடத போட்டாலும் ஓடும், ஆனா மேல் வலது மூலைல தொட்டா கீழ் இடது மூலைல க்ளிக் ஆகும். ஒருத்தர் அப்படியே பழகிட்டேன்னு சொல்றார். தெய்வமே.

விண்டோஸ அழிச்சுட்டவங்களுக்கும் ஒரு வாசல் இருக்கு. சில மாடல்ல பயாஸுக்குள்ளயே அந்த ஃபர்ம்வேர் ஒளிஞ்சிருக்கும். 2020ல வந்த கர்னல் 5.8ல இருந்து, பூட் ஆகும்போது யூஇஎஃப்ஐ மெமரிய தடவிப் பாத்து, ஆரம்ப எட்டு பைட்டும் நீளமும் ஹேஷும் பொருந்துனா எடுத்துக் குடுத்துரும். இதை முதல்ல படிச்சப்போ எனக்குத் தூக்கமே வரல, திருட்டு நகைய திருடன் வீட்டு அடுப்புக்குள்ளயே தேடி எடுத்த மாதிரி.

ஆனா இதுவும் உங்க மாடல் கர்னல் பட்டியல்ல இருந்தாத்தான். அங்கதான் நம்ம மெஷின் லட்சணம் தெரியுது. மெஷின் பேரு என்னன்னு டிஎம்ஐய (பயாஸ் தர்ற மெஷின் விவரப் பட்டியல்) கேட்டா "டு பி ஃபில்ட் பை ஓஈஎம்"னு வருது. ஃபேக்டரில பேரு எழுத வேண்டிய கட்டத்தை அப்படியே காலியா விட்டு அனுப்பிட்டான். அதனால கர்னல்காரங்க சில மெஷினுக்கு பயாஸ் தேதி, பயாஸ் வெர்ஷன் நம்பரை எல்லாம் வச்சு அடையாளம் கண்டுபுடிச்சிருக்காங்க. சப்போர்ட் இருக்கு, சப்போர்ட் இல்லன்னு நாம பெருசா பேசுறோமே, பல நேரம் அது இந்தப் பட்டியல்ல நாலு வரி இருக்கா இல்லையாங்கிறதுதான். ஃபேக்டரியும் செய்யல, விண்டோஸும் கைவிட்டுருச்சு, எங்கயோ இதே தட்டைய வச்சிருந்த ஒரு ஆளு பயாஸ் தேதிய பாத்து எழுதி அனுப்பி வச்சிருக்கான்.

26-11-2025

கேமரா கேமரான்னு கேக்காதீங்க. அந்த டிரைவரை 2017ல 4.12ல சேத்தாங்க, 2018ல 4.18ல தூக்கிப் போட்டாங்க, 2020ல 5.8ல திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. நம்ம ஊர்ல கட்சி மாறுறவங்க கூட இவ்வளவு அலையல. கூகுள் மீட் வேணும்னா ஃபோன்ல பாருங்க.

6-12-2025

2 ஜிபில என்னதான் ஓடும்னு ஒருத்தர். டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஇ இல்லாட்டி எல்எக்ஸ்க்யூடி, இசட்ராம் போட்டு ராமையே சுருக்கி ஸ்வாப் ஆக்கிக்கணும், ஈஎம்எம்சில ஸ்வாப் வச்சு அதைத் தேய்க்காதீங்க, அது போச்சுன்னா மாத்த முடியாது, போர்டோட ஒட்டுனது. பிரவுசர்ல டேப் மூணு தாண்டுனா பெருமூச்சு விட ஆரம்பிச்சுரும். யூடியூப்ல விபி9ங்கிற வீடியோ வகை வந்தா சிப்பால தனியா டீகோட் பண்ண முடியாது, எச்264 வகை மட்டும் அனுப்பச் சொல்ற எக்ஸ்டென்ஷன் ஒன்னு போட்டுக்கங்க, 720ல தடங்கல் இல்லாம ஓடும்.

தமிழ்ல டைப் பண்ண தமிழ்99 கீபோர்டு ஐபஸ் எம்17என் பேக்கேஜ்ல இருக்கு. கடைக்கு மனு எழுத வர்றவங்களுக்கு இதுலதான் டைப் பண்றேன். முன்ன அரசு குடுத்த இலவச லேப்டாப்ல விண்டோஸ் பக்கத்துல பாஸ் லினக்ஸும் இருந்துச்சே, அதுவும் டெபியன் வழிதான், சி-டாக் செஞ்சது. எங்ககிட்ட சர்வீஸுக்கு வந்த பசங்கள்ல அதைத் திறந்து பாத்தவன் ஒருத்தனையும் நான் பாத்ததில்ல. "அந்த இடத்தையும் விண்டோஸுக்கே குடுத்துருங்கண்ணே"ன்னுதான் கேப்பானுங்க.

7-12-2025

இவ்வளவு பாடுபடறதுக்கு பழைய நாலாவது ஜெனரேஷன் ஐ3 லேப்டாப் ஒன்னு செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமேன்னு எழுதுனவருக்கு: ஆமா, வாங்கலாம். காசு குடுத்து வாங்குறதா இருந்தா இந்த ஆட்டம் தட்டு பக்கம் போகவே போகாதீங்க, ஓசில குடுத்தாலும் யோசிங்க. நான் பேசுறது ஏற்கனவே வீட்ல கிடக்குறவங்களுக்கு. அதுலயும் ஒரே ஒரு வேலைக்குன்னு ஒதுக்கி வைக்க முடிஞ்சா மட்டும். எனக்கு பிடிஎஃப் திறக்கணும், பிரிண்ட் போகணும், அம்புட்டுத்தான். புள்ளைக்கு ஆன்லைன் கிளாஸுக்குக் குடுத்தா புள்ளையும் அழும் லேப்டாப்பும் அழும்.

11-01-2026

கேட்டவர் திரும்ப வந்துட்டார். சவுண்டு, வைஃபை, ஸ்கிரீன் எல்லாம் சரி, டச் மட்டும் பாக்கி, மாடல் பட்டியல்ல இல்லையாம், ஆனா டிரைவர்ஸ் ஃபோல்டர் காப்பி இருக்காம். சொன்ன பேச்சு கேட்ட ஒரே ஆளு.

தம்பி, எனக்கு மூணு விஷயம் அனுப்புங்க. டிஎம்ஐல பயாஸ் வெண்டர், வெர்ஷன், தேதி மூணு வரி. டிஎம்எஸ்ஜில (கர்னல் செய்திகளைக் காட்டுற கமாண்ட்) சிலீட்னு வர்ற வரிங்க எல்லாம். அப்புறம் விரலை ஸ்கிரீனோட நாலு மூலைலயும் வச்சு ஈவ்டெஸ்ட்ல (தொடுற இடத்தை நம்பரா காட்டுற கமாண்ட்) வர்ற எக்ஸ், ஒய் நம்பர், எந்த மூலைக்கு எது வந்துச்சுன்னு குறிச்சு. ஸ்கிரீன் கார்டை உரிச்சுட்டு பண்ணுங்க, என்னோடதுல ஓரத்துல கார்டு தூக்கிக்கிட்டு இருந்ததால நம்பர் குதிச்சுது. நம்பர் வந்ததும் பட்டியலுக்கு வேண்டிய வரிங்கள எழுதித் தர்றேன், கம்பைல் பண்றது உங்க பொறுப்பு, அந்த ஆட்டம் சிப்புல பண்ணாதீங்க, விடிஞ்சுரும்.